நாலு பேர் ஓட்டிய கார்

ஒரு மனுஷன் நினைத்த நேரத்துக்கு வீட்டைவிட்டுக் கிளம்பி, நினைத்த இடத்துக்குப் போய், யார் தயவும் இல்லாமல் திரும்பி வருவதற்கு என்ன விலை இருக்கும்? இரண்டு ஜோடி செருப்புக்கு அடித்தோல் மாற்றுகிற கூலி. ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்க அரசாங்கம் வாங்குவது அவ்வளவுதான். பறிபோன பிறகு அதே அட்டையை யாராவது விற்க வந்தால், வாங்குகிறவர் வீட்டுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு ஓடி வருவார். விலைமதிப்பில்லாத சரக்குக்கு அதுதான் லட்சணம். அலமாரியில் இருக்கும்வரை தூசி தட்டக்கூட ஆள் இருக்காது.

செருப்புக் கூலியில் விலை சொல்லும் பழக்கம் சில்லறையுடையது. முப்பத்தொரு வயது, துணிக்கடைக்காரர்கள் வீட்டுப் பிள்ளை. கேட்காத இடத்தில் கேட்காததைச் சொல்லி வைப்பதால் அந்தப் பெயர். அவன் உதவியாளனாக இருக்கும் துப்பறியும் அலுவலகம் செருப்புத் தைப்பவரின் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் இருந்தது. அவனுடைய முதலாளியம்மாவை ஊரே தராசு என்றுதான் கூப்பிடும். இருபத்தாறு வருஷம் கடை கடையாய் ஏறி எடைக்கற்களைச் சோதித்த அரசாங்க அதிகாரி. தட்டுக்கு அடியில் ஒட்டிய மெழுகை வாசலில் நிற்கும்போதே மோப்பம் பிடித்துவிடுவார் என்று வியாபாரிகள் நடுங்கிய காலம் உண்டு. ஓய்வு பெற்றபின் கற்களை விட்டுவிட்டு மனிதர்களை நிறுக்க ஆரம்பித்திருந்தார்.

திங்கட்கிழமை காலை மூன்று பேர் மூச்சு வாங்கிக்கொண்டு மாடி ஏறி வந்தார்கள். முன்னால் வந்தவர் ஓய்வுபெற்ற தபால்காரர். கையில் ஓர் உறையை, ஆள் இல்லாத வீட்டுக்கு வந்த பதிவுத் தபாலைப் போல நெஞ்சோடு அணைத்திருந்தார். அடுத்து தையற்கடை அம்மா, கழுத்தில் அளவு நாடாவோடு. கடைசியாகப் பல் டாக்டர். அவரும் ஓய்வு பெற்றவர்தான், ஆனால் யார் பேசினாலும் அவர் பார்வை பேசுகிறவரின் வாய்க்குள்ளேயே போய் நின்றது. சில்லறை அன்று முழுக்க வாயைக் கையால் மறைத்துக்கொண்டே பேசினான்.

விஷயத்தைத் தபால்காரர் சொன்னார். அவர்கள் மூவருக்கும் ஒரு தோழி, எழுபத்துமூன்று வயது நர்ஸம்மா. தக்காளி நிறத்தில் சின்னக் கார் ஒன்று வைத்திருக்கிறார். நான்கு வருஷமாகச் சனிக்கிழமை தவறாமல் இவர்களை ஏற்றிக்கொண்டு, மேம்பாலம் தாண்டி ஊரின் அந்தக் கோடியில் இருக்கும் செஸ் கிளப்புக்குக் கூட்டிப் போய், இருட்டிய பிறகு வீடு வீடாக இறக்கிவிடுகிறார். போன வாரம் அவருக்கு உரிம அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அவருடைய ஓட்டும் தகுதியைப் பற்றி ஒரு தகவல் கிடைத்திருக்கிறதாம். டாக்டர் சான்றிதழோடு, கண் பரிசோதனைக்கும் சாலைத் தேர்வுக்கும் இந்த வியாழக்கிழமை வர வேண்டுமாம். உரிமம் அப்படியே தொடரலாம், நிபந்தனையோடு தொடரலாம், அல்லது ரத்தாகலாம். தகவல் கொடுத்தவர் யார் என்று சொல்ல விதியில் இடமில்லை. என்ன சொன்னார் என்பதை மட்டும் நகலெடுத்து இணைத்திருந்தார்கள்.

செஸ் போனால் போகட்டும் என்றார் தையற்கடை அம்மா. நர்ஸம்மாவின் தம்பிக்குப் பக்கவாதம் வந்து ஒரு வருஷம் ஆகிறது. வாரத்தில் மூன்று நாள், நாலு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பயிற்சி மையத்துக்கு அக்காதான் காரில் கூட்டிப் போகிறார். பஸ் படியில் கால் வைக்க அவரால் முடியாது. இப்போதுதான் நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எட்டு அடி வைக்கிறார். ஒரு மாதம் பயிற்சி நின்றாலும் கால் எல்லாவற்றையும் மறந்துவிடும் என்று மையத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

"நர்ஸம்மா எதுவும் வேண்டாம், விட்டுடுங்கன்னு சொல்லுது," என்றார் தபால்காரர். "முப்பத்தஞ்சு வருஷம் எல்லார் கடுதாசியையும் கொண்டுபோய்ச் சேர்த்தவன் நான். இந்த ஒரு மொட்டைக் கடுதாசிய எவன் போட்டான்னு தெரியாம எனக்குச் சோறு இறங்கல. வியாழக்கிழமைக்குள்ள ஆளப் பிடிங்க. வாபஸ் வாங்க வைக்கிறது என் பொறுப்பு."

வாபஸ் வாங்கினாலும் தேர்வு நிற்காது என்று பல் டாக்டர் மென்மையாகத் திருத்தினார். தான் காரை விட்டு மூன்று வருஷம் ஆகிறது, கண் சோர்ந்துவிடுகிறது, அதனால் நர்ஸம்மாவுக்குத் தன்னால் செய்ய முடிந்த உதவி யோசனை மட்டும்தான் என்றார். வியாழக்கிழமை போனால் புகைப்படத்துக்கு இரண்டாம் கவுண்ட்டரில் நின்று நேரத்தை வீணாக்க வேண்டாம், போன மாதம் ஆறாம் கவுண்ட்டருக்கு மாற்றிவிட்டார்கள் என்பது அந்த யோசனை. தராசு அதையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டார். பிறகு நகலை எடுத்து வெளிச்சத்தில் படித்தார். தட்டச்சு செய்த ஏழு வரிகள்.

"மேற்படி ஓட்டுநர் பகலில் நன்றாகவே ஓட்டுகிறார். இதுவரை ஒரு விபத்தும் இல்லை. பொழுது சாய்ந்த பிறகு எதிரே வரும் வண்டிகளின் விளக்கைச் சுற்றி வானவில் போல வட்டம் தெரிகிறது. முன்னே போகும் வண்டியின் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டேதான் போக வேண்டியிருக்கிறது. மேம்பாலம் ஏறும்போது உள்ளங்கை வேர்க்கிறது. ஆகவே இரவில் ஓட்ட அனுமதிக்க வேண்டாம். பகலை விட்டுவிடவும்."

"நல்ல மொட்டைக் கடுதாசி மேடம்," என்றான் சில்லறை கைக்குப் பின்னாலிருந்து. "திருடன் பூட்டை உடைச்சிட்டு, போகும்போது வாசல் பெருக்கிட்டுப் போன மாதிரி இருக்கு."

தராசு நகலை மேஜையில் வைத்தார். வண்டியில் யார் யார் எங்கே உட்காருவீர்கள் என்று கேட்டார். பிறகு ஒவ்வொருவராக உள்ளறைக்கு வரச் சொன்னார்.

தபால்காரர் கதவைத் தானே சாத்தினார். குரலைத் தாழ்த்தினார். முன் சீட்டில் உட்காருகிறவர் அவர். இருட்டிய பிறகு நர்ஸம்மா சிக்னலைக் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதை ஒரு வருஷம் முன்னால் கவனித்தார். அன்றிலிருந்து சிவப்பு விழுந்தால் ஒரு தடவை இருமுவார். பச்சை விழுந்தால் இரண்டு தடவை. நர்ஸம்மாவுக்குத் தெரியாது, ரோஷக்காரி, இவருக்கு மூச்சிரைப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறது, மற்ற இரண்டு பேருக்கும் தெரிய வேண்டாம் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார்.

தையற்கடை அம்மா ஓட்டுநருக்குப் பின்னால். வலது பக்கம் சைக்கிளோ ஆளோ வந்தால் வலது முழங்காலால் முன் சீட்டின் முதுகை அழுத்துவார். இடது பக்கம் என்றால் இடது முழங்கால். தையல் மெஷின் மிதித்த கால் ஆயிற்றே, அழுத்தம் அளவாக இருக்கும் என்று பெருமை வேறு. மற்றவர்களுக்குத் தெரிந்தால் நர்ஸம்மாவைக் கேவலமாக நினைப்பார்கள், மூச்சு விடாதீர்கள் என்றார்.

பல் டாக்டர் அவருக்குப் பக்கத்தில். திருப்பம் வருவதற்கு முன்னால் கடைப் பலகைகளை உரக்கப் படிப்பார். 'அட, மருந்துக்கடை வந்துடுச்சே' என்றால் அடுத்தது இடது பக்கம் என்று அர்த்தம். மற்ற இரண்டு பேரும் தனக்கு வயதாகி மூளை இளகிவிட்டது என்று நினைக்கிறார்கள், நினைத்துவிட்டுப் போகட்டும் என்றார்.

மூவரும் படியிறங்கிப் போனபிறகு சில்லறை நாற்காலியில் சாய்ந்தான்.

"ஸ்டியரிங் மட்டும்தான் நர்ஸம்மா கையில மேடம். மிச்சமெல்லாம் கூட்டுறவுச் சங்கம். ஆனா சங்கத்துல யாருக்கும் யாரும் உறுப்பினர்னு தெரியாது."

மூன்று பேருக்கும் இரவு ஓட்டம் சிரமம் என்று தெரிந்திருக்கிறது, ஆனால் மூன்று பேருக்குமே தெரியாத ஒன்று இந்த ஏழு வரியில் இருக்கிறது என்றார் தராசு. என்ன அது என்று சில்லறை நகலை மூன்று தடவை படித்தான். தலைகீழாகப் பிடித்து ஒரு தடவை படித்தான். ஒன்றும் கிடைக்காததால் தனக்குப் பிடித்த சந்தேக ஆசாமியைத் தேடிப் புறப்பட்டான்.

அந்த ஆசாமி நர்ஸம்மாவின் பக்கத்து வீட்டுக்காரர், குழாய் பழுது பார்ப்பவர். அவர் வாசலில் இருந்த பூந்தொட்டிகளை நர்ஸம்மா காரைப் பின்னால் எடுக்கும்போது இரண்டு தடவை நொறுக்கியிருந்தார். பகைக்கு அது போதும் என்பது சில்லறையின் கணக்கு. செவ்வாய்க்கிழமை போய்ப் பேச்சுக் கொடுத்தான். குழாய்க்காரர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு அவனைக் கொல்லைப்புறம் கூட்டிப்போனார். அங்கே விரிசல் விட்ட தொட்டிகள் ஏழு, வரிசையாக. நர்ஸம்மா உடைந்த ஒவ்வொரு தொட்டிக்கும் மறுநாளே புதிதாக, பெரிதாக வாங்கி வைத்துவிடுவாராம். அதனால் பழைய தொட்டிகளை ஒவ்வொன்றாக அவர் கார் திரும்பும் மூலைக்கு நகர்த்திக்கொண்டிருக்கிறாராம். உரிமம் போனால் தனக்குத்தான் நஷ்டம், இன்னும் ஏழு பாக்கி இருக்கிறது என்று உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"பகையாளின்னு போனேன், பங்குதாரரா நிக்கிறார்," என்று திரும்பி வந்து சொன்னான் சில்லறை. "அந்தம்மா நல்லா ஓட்டணும்னும் இல்ல, ஓட்டாம இருக்கக் கூடாதுன்னும் இருக்கு அவருக்கு."

புதன்கிழமை காலை இருவரும் நர்ஸம்மாவின் வீட்டுக்குப் போனார்கள். கூடத்தில் தரையில் ஒட்டுநாடாவால் கோடுகள் போட்டு, ஒன்று, இரண்டு என்று எண் எழுதியிருந்தது. தம்பி நடைச்சட்டத்தோடு நான்காம் கோட்டில் நின்றுகொண்டிருந்தார். அறுபத்தெட்டு வயது, சவரம் செய்த முகம், வாயின் ஒரு ஓரம் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது. வார்த்தைகள் மெதுவாக வந்தன, ஆனால் வந்தவை எல்லாம் சரியான வார்த்தைகள். சில்லறை அவர் பக்கத்தில் நடந்துகொண்டே பேசிய பேச்சைக் கேட்டுவிட்டு, "இந்தத் தம்பிக்கு... வாய்ல... பிரேக் இல்ல," என்றார். சில்லறைக்கு அவரை உடனே பிடித்துப்போயிற்று.

உள்ளே நர்ஸம்மா தம்பியின் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். தபால்காரர் ஆளை வைத்துத் தேடுவது அவருக்குத் தெரியும். அதில் சந்தோஷமும் இல்லை, கோபமும் இல்லை. யார் எழுதினால் என்ன, வயதாகிவிட்டது, எழுதத்தான் செய்வார்கள் என்றார். தராசு அவருக்கு எதிரே நின்று, சட்டையின் மறு கையை இழுத்துப் பிடித்துக் கொடுத்தார்.

"சந்தையில ஒரு வழக்கம் உண்டு நர்ஸம்மா. வாங்க வந்தவன் சரக்குல குறை சொல்லுவான். விற்க வந்தவன் நிறை சொல்லுவான். இந்தக் கடிதத்துல முதல் வரி நிறை, கடைசி வரியும் நிறை. நடுவுலதான் குறை. எதிராளி எழுதினா இப்படி இருக்காது. சரக்குக்குச் சொந்தக்காரர் எழுதினா இப்படி இருக்கும்."

நர்ஸம்மாவின் கை நின்றது. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"விளக்கைச் சுத்தி வட்டம் தெரியுதுன்னு எழுதியிருக்கு," என்றார் தராசு. "பக்கத்துல உக்காந்தவங்களுக்கு நீங்க மெதுவாப் போறது தெரியும். கண்ணச் சுருக்குறது தெரியும். வட்டம் எப்படித் தெரியும்? அது ரோட்டுல இல்ல. உங்க கண்ணுக்குள்ள இருக்கு."

கூடத்தில் சில்லறை "அஞ்சு" என்று எண்ணுவது கேட்டது. நர்ஸம்மா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். நூலகத்தில் இருக்கும் தட்டச்சு இயந்திரத்தில் ஒரு மணி நேரம் செலவழித்து அடித்ததாகச் சொன்னார். இரவு வந்தால் பயமாக இருக்கிறது. மேம்பாலத்தில் வரும்போது வண்டிக்குள் மூன்று உயிர் இருப்பது முதுகில் தெரிகிறது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், 'இந்த வாரம் வேண்டாம்' என்று சொல்லத் தொலைபேசியை எடுப்பார். அந்தப் பக்கம் தபால்காரர் காய்களைத் துடைத்து வைத்துவிட்டேன் என்பார். 'சரி, வர்றேன்' என்று சொல்லி வைத்துவிடுவார்.

"முப்பத்தெட்டு வருஷம் ஊசி போட்டேன்மா. 'வலிக்காது, வலிக்காது'ன்னு சொல்லியே பழகின வாய். 'முடியாது'ன்னு சொல்ல அதுக்குத் தெரியல."

அரசாங்கம் சொன்னால் யார் மேலும் வருத்தம் இருக்காது என்று நினைத்தாராம். இரவை மட்டும் வெட்டிவிடுவார்கள் என்று நினைத்தாராம். ஆனால் வந்த கடிதத்தில் ரத்து என்ற சொல்லைப் பார்த்த நாளிலிருந்து தூக்கம் இல்லை. ஒரு முழம் துணி வெட்டச் சொல்லிப் போனால் சுருளையே உள்ளே எடுத்து வைத்துக்கொள்வார்கள் போலிருக்கிறது. தம்பி எட்டு அடி வைத்திருக்கிறான், ஒன்பதாவது அடி நான் எழுதிய கடிதத்தால் நின்றுபோனால் என்ன செய்வேன் என்று கேட்டபோதுதான் அவர் குரல் உடைந்தது.

அறை வாசலில் வந்து நின்றிருந்த சில்லறை தொண்டையைச் செருமினான். தம்பி ஏழாம் கோட்டில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தார்.

"எங்க அப்பா கடையில இதே வேலைதான்மா. விலை குறைக்கச் சொன்னா, 'எனக்குச் சரிதான், பங்காளி ஒத்துக்க மாட்டார்'ம்பார். பங்காளியே கிடையாது. நீங்க அரசாங்கத்தையே பங்காளியாக்கிட்டீங்க. எங்க அப்பா கேட்டா உங்க கால்ல விழுவார்."

தராசு இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, தன் கட்சிக்காரர்கள் அந்த மூவர். அவர்களிடம் பதில் சொல்லியாக வேண்டும். வியாழக்கிழமை மதியம்வரை காத்திருப்பார், அதற்குள் நர்ஸம்மாவே சொல்லிவிட்டால் தனக்கு வேலை மிச்சம். இரண்டு, எடைக்கல் பரிசோதனையில் தானே வந்து 'என் கல்லில் குறை இருக்கிறது' என்று சொன்ன கடைக்காரரின் கடைக்கு ஒருநாளும் சீல் வைத்ததில்லை, கல்லை மட்டும் மாற்றச் சொல்வோம். உரிம அலுவலகத்துப் படிவத்திலும் 'ஓட்டுநர் தாமே கோரும் நிபந்தனைகள்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. யாரும் நிரப்புவதில்லை. எல்லோரும் முழுசாகக் கேட்டு நிற்பார்கள்.

"நீங்க குறைச்சுக் கேளுங்க. எவ்வளவு வேணுமோ அவ்வளவு மட்டும்."

அந்த ராத்திரி நர்ஸம்மா கட்டத்தை நிரப்பினார்.

வியாழக்கிழமை ஒன்பது மணி. உரிம அலுவலகக் கூடத்தில் நாற்காலிகள் ஒன்றோடொன்று இரும்புக் கம்பியால் பிணைக்கப்பட்டிருந்தன, யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல. நர்ஸம்மா வந்திருந்தார். பன்னிரண்டு மணிக்குப் பயிற்சி இருந்ததால் தம்பியும் வந்திருந்தார். கூப்பிடாமலே பஸ் பிடித்து மூன்று நண்பர்களும் வந்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கண் பரிசோதனை முதலில். எழுத்துப் பலகையில் கண்ணாடியோடு கடைசிக்கு முந்தின வரிவரை படித்தார். கிண்ணம் போன்ற இயந்திரத்துக்குள் முகத்தை வைத்து, ஓரத்தில் வெளிச்சப் பொட்டு தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தினார். அதிலும் தேறினார். வெளிச்சக் கூச்சத்தைக் கண் தாங்கும் சோதனையில் மட்டும் எண்கள் வெள்ளையில் கரைந்துபோயின. மறைக்காமல் சொன்னார்.

தேர்வு அதிகாரி ஒல்லியாக, உயரமாக, அட்டையைக் கையில் பிடித்த ஆணி மாதிரி இருந்தார். நிரப்பிய கட்டத்தைப் பார்த்ததும் நர்ஸம்மாவை நிமிர்ந்து பார்த்தார். பதினோரு வருஷத்தில் இந்தக் கட்டத்தில் பேனா பட்டு இரண்டாவது தடவையாகப் பார்ப்பதாகச் சொன்னார்.

"ரத்து பண்றது எனக்குச் சுலபம்மா. ஒரு முத்திரை. முழுசா விடுறதும் சுலபம், ஒரு கையெழுத்து. எவ்வளவு வெட்டணும்னு பாக்கறதுதான் வேலை. வாங்க, நீங்க தினம் போற ரோட்டுல ஓட்டிக் காட்டுங்க."

தக்காளிக் கார் வாசலைத் தாண்டிப் போவதை மூவரும் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தார்கள். அதற்குள் இருமுவதற்கு ஆளில்லை. முதுகை அழுத்த முழங்கால் இல்லை. தூரத்தில் சிக்னல் சிவப்பாயிற்று. தபால்காரர் கண்ணாடியைப் பார்த்தபடி தன்னையறியாமல் ஒரு தடவை இருமினார். பக்கத்தில் தையற்கடை அம்மாவின் இடது முழங்கால் சுவரில் முட்டியது.

கார் சிவப்புக்கு நின்றது. பச்சை விழுந்ததும் போயிற்று.

சாலைத் தேர்வு நாற்பது நிமிஷம் ஓட வேண்டியிருந்தது. தராசு பல் டாக்டரின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"புகைப்படம் ஆறாம் கவுண்ட்டர்லதான் எடுக்குறாங்க டாக்டர். சரியாச் சொன்னீங்க. மாத்தினது போன மாசம். நீங்க கார விட்டு மூணு வருஷம்."

பல் டாக்டர் முதன்முறையாக வேறொருவரின் வாயைப் பார்க்காமல் தன் வாயை மூடிக்கொண்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினார். புதுச்சூடு ஆறாத உரிமம். எந்த நிபந்தனையும் இல்லை. கண் கழுகுக் கண். கொட்டகையில் கார் ஒன்று உறை போட்டு நிற்கிறதாம். மனைவி போனபிறகு தனியாக ஓட்டிப் பார்த்தாராம். சிக்னலில் நிற்கும்போது பக்கத்தில் பேச ஆளில்லை. நர்ஸம்மாவின் பின் சீட்டில் ஓர் இடம் காலியாக இருந்தது. கண் சோர்கிறது என்று ஒரு பொய் சொன்னார், இடம் கிடைத்தது. பொய்க்கு மூன்று வயது ஆகிவிட்டதால் அதை எப்படி எழுப்பி அனுப்புவதென்று தெரியவில்லை என்றார்.

தராசு அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். "சொல்றதுக்கு நல்ல நேரம் வரும். விட்டுடாதீங்க."

நர்ஸம்மா திரும்பி வந்தபோது முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. அதிகாரி ஒரு மேஜையில் குனிந்து எழுதினார், அடித்தார், திரும்ப எழுதினார். தம்பி நடைச்சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். பிறகு அதிகாரி நிமிர்ந்து படித்தார். கண்ணாடி கட்டாயம். சூரியன் உதித்து ஒரு மணி நேரத்துக்குப் பின்னால் தொடங்கி, அஸ்தமனத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் முடிய வேண்டும். மேம்பாலமும் நெடுஞ்சாலையும் கூடாது. வீட்டு வாசலிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள். ஒரு வருஷம் கழித்து மறுபடி சோதனை. பின்னால் எடுக்கும்போது மட்டும் இன்னும் மெதுவாக எடுக்கலாம், உங்கள் வீட்டு வாசலில் பூந்தொட்டி ஒன்று போயிற்று என்று சொல்லி முத்திரை குத்தினார்.

தையற்கடை அம்மா நர்ஸம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். தபால்காரர் அந்த மொட்டைக் கடுதாசிக்காரன் இப்போது மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைப்பான் என்று ஆரம்பித்தார்.

"இங்கதான் வைக்கிறேன்," என்றார் நர்ஸம்மா. "அத எழுதினது நான்தான்."

பிணைத்த நாற்காலிகள் ஒரே நேரத்தில் கிறீச்சிட்டன. நர்ஸம்மா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார், வெள்ளிக்கிழமைத் தொலைபேசியிலிருந்து நூலகத் தட்டச்சுவரை. முடிந்ததும் தபால்காரர் அவர் பக்கம் திரும்பினார். எங்களிடம் சொல்வதற்கு அரசாங்கத்துக்குத் தபால் போட வேண்டுமா என்று கேட்டார். கோபமாகக் கேட்க நினைத்ததுதான், பாதி வழியில் குரல் மாறிவிட்டது. தனக்கும் தெரியும், ஒரு வருஷமாகத் தெரியும் என்று இருமல் விஷயத்தைப் போட்டு உடைத்தார். உடனே தையற்கடை அம்மா முழங்காலைச் சொன்னார். பல் டாக்டர் மருந்துக்கடைப் பலகையைச் சொன்னார். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நர்ஸம்மாவுக்குச் சிரிப்பு வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க இருமுறப்பல்லாம் மூச்சு நின்னுடப் போகுதுன்னு பயந்து திரும்பிப் பாப்பேன். அந்த நேரத்துலதான் சிக்னலையே விட்டுடுவேன். முதுகுல குத்துறது என்னன்னு ரெண்டு தடவை எலும்பு டாக்டரப் பாத்தேன். இன்னைக்குத்தான் நாலு வருஷத்துல முதல் தடவையா நிம்மதியா ஓட்டினேன்."

பல் டாக்டர் எழுந்து நின்றார். சட்டைப் பையில் கை போயிற்று, திரும்பி வந்தது, மறுபடி போயிற்று. கடைசியில் அட்டையை எடுத்துத் தபால்காரரின் மடியில் வைத்தார். தபால்காரர் தேதியைப் படித்தார், நிபந்தனைக் கட்டம் காலியாக இருப்பதைப் பார்த்தார், புகைப்படத்தையும் ஆளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். மூன்று வருஷம் மருந்துக்கடை, மருந்துக்கடை என்று கத்தியதற்கு ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கலாமே என்றார். சனிக்கிழமை ஐந்தரைக்கு வந்து நிற்கிறேன், ஆனால் எல்லோரும் வழிநெடுகப் பேசிக்கொண்டே வர வேண்டும் என்று நிபந்தனை போட்டார் பல் டாக்டர். நர்ஸம்மாவுக்கு முன் சீட்டு என்று தையற்கடை அம்மா தீர்ப்பளித்தார். காரின் உறையை இன்றைக்கே கழற்றிப் பார்த்தாக வேண்டும் என்று மூவரும் சச்சரவு செய்துகொண்டே பஸ் நிறுத்தத்துக்குப் போனார்கள்.

நர்ஸம்மா தராசையும் சில்லறையையும் அலுவலகத்தில் இறக்கிவிடுவதாகச் சொல்லிக் காரில் ஏற்றிக்கொண்டார். வழியில் தம்பியின் பயிற்சிக் காலணியை எடுக்க வீட்டு வாசலில் ஒரு நிமிஷம் நின்றது கார். கிளம்பும்போது அதிகாரி சொல்லியிருந்தபடி மீட்டரில் ஒரு பொத்தானை அழுத்தித் தூரத்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார் நர்ஸம்மா. மணி பதினொன்று ஐந்து.

தம்பி முன் சீட்டில் அதிகாரி கொடுத்த தாளை மடியில் விரித்து, நல்ல கையின் விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டு வந்தார். ராத்திரி போச்சு. பாலம் போச்சு. பெரிய ரோடு போச்சு. விரல் நான்காவது வரியில் நின்றது.

"பத்துல... நாலு போனா?"

"ஆறுடா. ஏன்?"

"ஆறு... சும்மா கிடக்கு."

ஒரு வருஷமாக அவருக்கு வீடு, மையம், மையம், வீடு. நாலாவது கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று யாரும் அவரைக் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. நர்ஸம்மா கடிகாரத்தைப் பார்த்தார். பயிற்சிக்கு ஐம்பது நிமிஷம் இருந்தது.

மையத்துக்குத் திரும்பும் இடம் வந்தது. அவர் திரும்பவில்லை.

"நம்ம ஆபீஸ் மூணுலயே போயிடுச்சு மேடம்," என்று முணுமுணுத்தான் சில்லறை. தராசு அவன் முழங்கையில் ஒரு தட்டுத் தட்டி, மீட்டரைப் படிக்கச் சொன்னார்.

அவன் படித்தான். ஐந்து. ஆறரை. எட்டு. வீடுகள் குறைந்து, மரங்கள் வந்து, மரங்களும் விலகின. ஏரிக்கரையில், எதிர்க்கரை தெரியாத அளவுக்குத் தண்ணீர் கிடந்த இடத்தில், நர்ஸம்மா காரை ஓரங்கட்டி இரண்டு பக்கக் கண்ணாடியையும் இறக்கினார். காற்று உள்ளே வந்து தாளைத் தூக்கப் பார்த்தது. தம்பி அதைக் கையால் அழுத்திக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு கதவைத் திறக்கச் சொன்னார். சில்லறை நடைச்சட்டத்தை இறக்கி வைத்தான். மண் தரையில் கோடு எதுவும் இல்லாததால் அவனே வாய்விட்டு எண்ண வேண்டியிருந்தது. ஒன்பதாவது அடியில் தம்பி நின்றார்.

மீட்டரில் ஒன்பதரை. வரவு பத்து, செலவு ஒன்பதரை, பாக்கி அரை கிலோமீட்டர்.